மிரர் டிஸ்க் போட்டாச்சு, சரி. சோதிச்சுப் பார்த்தாச்சா?

இந்த எபிசோடில் நாம பேசப்போறது சர்வரில் போடுற மிரர் டிஸ்க் பத்தி. ரெய்டு ஒன்று என்று சொல்வாங்களே, அதேதான். ஒரே தகவலை இரண்டு ஹார்டு டிஸ்க்கில் ஒரே நேரத்தில் எழுதி வைக்கிற ஏற்பாடு. ஒரு டிஸ்க் செத்தாலும் இன்னொன்று இருக்கும், வேலை நிற்காது. இவ்வளவுதான் விஷயம். ஆனா "மிரர் போட்டிருக்கோம்" என்று சொல்ற பத்துப் பேரிடம் "ஒரு டிஸ்க்கைக் கழட்டிப் பார்த்தீங்களா?" என்று கேட்டுப் பாருங்க. பாதிப் பேர் முழிப்பாங்க.

இதை வெறும் தியரியாப் பேசினா தூக்கம் வரும். அதனால ஒரு ஊரை எடுத்துக்கலாம். விருத்தாசலம். சென்னையிலிருந்து திருச்சிக்கு ரயிலில் போனால் விழுப்புரம் தாண்டி வர்ற ஜங்ஷன். கடலூர் மாவட்டத்தில் இருக்கு. பீங்கானுக்குப் பேர் போன ஊர். கொலு பொம்மை, அகல் விளக்கு, மின்சார வேலைக்கான பீங்கான் பாகங்கள் எல்லாம் அங்கே செய்றாங்க. பீங்கான் தொழில்நுட்பம் படிக்கவே அங்கே ஒரு அரசுக் கல்வி நிறுவனம் இருக்கு.

அந்த ஊரில் ஒரு சின்ன யூனிட்டைக் கற்பனை பண்ணிக்கங்க. பின்னாடி சூளை, முன்னாடி ஆபீஸ் ரூம். ரூம் மூலையில் ஒரு சர்வர், அதில் டெபியன் லினக்ஸ், நாலு டெராபைட் டிஸ்க் இரண்டு, மிரராக. கார்த்திகை தீபத்துக்கான ஆர்டர், அச்சு டிசைன், ஜிஎஸ்டி பில் எல்லாம் அதில்தான். ஜிஎஸ்டி சட்டப்படி கணக்குகளை, அந்த வருஷத்தோட ஆண்டு ரிட்டர்ன் தாக்கல் செய்ய வேண்டிய கடைசித் தேதியிலிருந்து 72 மாதம் வைத்திருக்கணும். ஆறு வருஷம்! அந்த ஆறு வருஷத்தில் ஒரு டிஸ்க்காவது போகும் என்று எடுத்துக்கொண்டே திட்டம் போடணும். அது போகிற அன்றைக்கு என்ன நடக்கும் என்பதுதான் நம்ம கேள்வி.

மிரர் தர்ற வாக்கு என்ன?

ரெய்டு என்ற பெயர் பிரபலமானது 1988-இல். கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகத்தில் டேவிட் பேட்டர்சன், கார்த் கிப்சன், ராண்டி கேட்ஸ் என்ற மூன்று பேர் எழுதிய கட்டுரை அது. விலை குறைந்த சின்ன டிஸ்க்குகளைச் சேர்த்துப் பெரிய, விலை உயர்ந்த டிஸ்க் செய்கிற வேலையை வாங்க முடியும் என்பது அவங்க வாதம். மிரர் முறை அதுக்கு முன்னாடியே புழக்கத்தில் இருந்தது. அதை அவங்க "முதல் நிலை" என்று வரிசைப்படுத்தினாங்க.

அந்தக் கட்டுரையில் நம்பகத்தன்மைக்கு ஒரு கணக்கு இருக்கு. அந்தக் கணக்கு ஒரு அனுமானத்தின் மேல் நிற்குது: ஒரு டிஸ்க் கெட்டுப்போறதுக்கும் இன்னொன்று கெட்டுப்போறதுக்கும் சம்பந்தமே இல்லை. அந்த அனுமானம் சரியாக இருந்தால் இரண்டும் ஒன்றாகச் சாகிற வாய்ப்பு மிக மிகக் குறைவு.

இதைப் பீங்கான் செய்றவங்ககிட்ட சொன்னா சிரிப்பாங்க. ஒரே களிமண் கலவை, ஒரே அச்சு, ஒரே சூளை, ஒரே நாள். ஒன்றில் விரிசல் வந்தால் பக்கத்தில் வெந்ததையும் எடுத்துத் தட்டிப் பார்க்கணும் என்று அவங்களுக்குத் தெரியும். நாம என்ன பண்றோம்? ஒரே கடையில், ஒரே நாளில், அடுத்தடுத்த சீரியல் நம்பரில் இரண்டு டிஸ்க் வாங்கி, ஒரே பெட்டியில் ஒரே சூட்டில், ஒரே கரண்ட் லைனில் ஓட விடுறோம். அப்புறம் இரண்டும் தனித்தனி என்று நம்புறோம்.

பீங்கானைச் சோதிக்கிற முறை

மின்கம்பத்தில் வெள்ளையாகவோ பழுப்பாகவோ பீங்கான் இன்சுலேட்டர் பார்த்திருப்பீங்க. அதுக்கு இந்திய தர நிர்ணயம் இருக்கு. மேல்நிலை மின்கம்பிகளில் உயர் அழுத்தத்துக்கான பீங்கான் இன்சுலேட்டருக்கு ஐஎஸ் 731. அதில் சோதனைகளை மூன்று வகையாகப் பிரிச்சிருக்காங்க. டைப் டெஸ்ட்: டிசைன் சரியா என்று பார்ப்பது. அக்செப்டன்ஸ் டெஸ்ட்: வந்திருக்கிற சரக்கில் சிலதை எடுத்துச் சோதிப்பது. ரொட்டீன் டெஸ்ட்: ஒவ்வொரு பீஸையும் சோதிப்பது.

இதில் எனக்கு ரொம்பப் பிடிச்சது, சரக்கை எடுத்துக்கும்போது பண்ற நுண்துளைச் சோதனை. பீங்கானுக்கு மேலே கிளேஸ் பூச்சு பளபளன்னு இருக்கும். உள்ளே சரியாக வேகாமல் நுண்துளை இருந்தால் வெளியே தெரியாது. அதனால பீங்கானை உடைச்சு, துண்டுகளை ஃபுக்சின் என்கிற சிவப்புச் சாயத்தில் அழுத்தத்தோட ஊற வைப்பாங்க. பிறகு எடுத்து மறுபடி உடைச்சுப் பார்ப்பாங்க. சாயம் உள்ளே இறங்கியிருந்தால் அந்தச் சரக்கு தேறாது. சில பீஸைப் பலி கொடுத்துத்தான் மிச்சத்தை நம்ப முடியும்.

நம்ம மிரரையும் இதே மூன்று அடுக்கில் சோதிக்கலாம்.

முதல் அடுக்கு: சர்வர் வேலைக்கு வரும் முன்னால்

சர்வரை நிறுவிய உடனே, முக்கியமான தகவல் எதுவும் உள்ளே போகிறதுக்கு முன்னால் செய்ய வேண்டியவை இவை.

ஒன்று, முதல் டிஸ்க்கைக் கழட்டிட்டு இரண்டாவதை மட்டும் வைத்து பூட் பண்ணுங்க. நிறைய மிரர்கள் இங்கேயே தோற்கும். ஏன்னா, தகவல் இரண்டு டிஸ்க்கிலும் இருக்கு, ஆனா இன்றைய கணினிகள் பூட் ஆக ஒரு தனிப் பகுதி தேவை. இஎஃப்ஐ பார்ட்டிஷன் என்பாங்க. லினக்ஸ் நிறுவும்போது அது பெரும்பாலும் ஒரு டிஸ்க்கில் மட்டும்தான் உட்காரும். அந்த டிஸ்க் போச்சுன்னா தகவல் எல்லாம் பத்திரமாக இருக்கும், சர்வர் மட்டும் எழுந்திருக்காது. கார்த்திகைக்கு முந்தின வாரம் இது தெரிய வருவதைவிட இப்போதே தெரிந்துகொள்வது நல்லது.

இரண்டு, சர்வர் ஓடிக்கொண்டிருக்கும்போதே ஒரு டிஸ்க்கை இழுங்க. உங்க சர்வரில் அப்படி இழுக்க வசதி இருந்தால் மட்டும். லினக்ஸில் எம்டிஆடம் என்கிற கருவி வழியாக "இந்த டிஸ்க் செத்துப்போச்சு என்று வைச்சுக்கோ" என்று சொல்லவும் முடியும். அது ரொம்ப மரியாதையான சாவு. நிஜ டிஸ்க் அப்படிச் சாகாது. இழுத்துக்கொண்டு கிடக்கும். பதில் சொல்லும், சொல்லாது. அதனால கருவி வழியாகவும் பாருங்க, கையால் இழுத்தும் பாருங்க.

மூன்று, எச்சரிக்கை வருதா என்று பாருங்க. லினக்ஸில் மிரரின் நிலையைக் காட்டுற ஒரு சின்ன வரி இருக்கு. இரண்டும் நலமாக இருந்தால் "யு யு" என்று இரண்டு எழுத்து. ஒன்று போனால் ஒரு யு, ஒரு அடிக்கோடு. அவ்வளவுதான் வித்தியாசம். யாரும் அந்த வரியைத் தினமும் போய்ப் பார்க்கப் போவதில்லை. ஒரு டிஸ்க் செத்த பிறகும் சர்வர் வழக்கம்போல ஓடுவதால் ஆபீஸில் யாருக்கும் தெரியாது. இரண்டாவதும் போகிற அன்றைக்குத்தான் முதல் டிஸ்க் எப்பவோ போயிருந்தது தெரியும். எம்டிஆடமில் சோதனை மெயில் அனுப்ப வழி இருக்கு. அதை அனுப்புங்க. யார் மொபைலுக்கு வரணுமோ அவங்க மொபைலில் வந்து நிற்கிற வரைக்கும் விடாதீங்க.

நான்கு, புது டிஸ்க்கைச் சேர்த்து மறுபடி மிரர் ஆகிற நேரத்தை அளந்து வைங்க. கணக்கு எளிது. நாலு டெராபைட், நொடிக்கு 150 மெகாபைட் வேகம் என்றால் ஏழரை மணி நேரம். அது யாரும் சர்வரைத் தொடாமல் இருந்தால். பக்கத்தில் வேலையும் நடந்தால் லினக்ஸ் மிரர் வேலையை மெதுவாக்கி வழிவிடும். உறுதியாகத் தர்ற குறைந்தபட்ச வேகம், மாற்றாத அமைப்பில், நொடிக்கு ஆயிரம் கிலோபைட். அந்த வேகத்திலேயே போனால் நாலு டெராபைட்டுக்கு 45 நாள். அவ்வளவு மோசமாகப் போகாது. ஆனா உங்க சர்வரில் எவ்வளவு ஆகும் என்று அளந்தால்தானே தெரியும்? அந்த நேரம் முழுக்க உங்ககிட்ட இருப்பது ஒரே ஒரு நகல்.

ஐந்து, கரண்ட். எழுதிக்கொண்டிருக்கும்போது பிளக்கைப் பிடுங்கினால் ஒரு டிஸ்க்கில் எழுதியிருக்கும், இன்னொன்றில் எழுதியிருக்காது. திரும்ப எழும்போது லினக்ஸ் இரண்டையும் சமப்படுத்தும். இதைச் சோதனைத் தகவலோடு சில தடவை செய்து, ஃபைல்கள் நல்லா இருக்கான்னு பாருங்க. யுபிஎஸ் இருக்கே என்றால், யுபிஎஸ்ஸையும் சேர்த்தே சோதிங்க. பேட்டரி எத்தனை நிமிஷம் தாங்குது, அதுக்குள்ள சர்வர் தானாக மூடிக்குதா?

இரண்டாம் அடுக்கு: வாங்குற டிஸ்க்

புது டிஸ்க் என்றாலே நல்ல டிஸ்க் இல்லை. மிரரில் சேர்க்கும் முன்னால் முழு டிஸ்க்கையும் ஒரு தடவை எழுதி, படித்துப் பாருங்க. டிஸ்க்கின் உள்ளேயே இருக்கிற ஸ்மார்ட் நீள் சோதனையையும் ஓட விடுங்க. ஒரு நாள், இரண்டு நாள் ஆகும். பரவாயில்லை. முடிந்தால் இரண்டு டிஸ்க்கையும் வேறு வேறு கடையில், வேறு வேறு தயாரிப்பு வரிசையில் வாங்குங்க.

கூகுள் 2007-இல் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட டிஸ்க்குகளைப் பார்த்து ஒரு ஆய்வு வெளியிட்டது. ஸ்மார்ட் பதிவில் முதல் ஸ்கேன் பிழை வந்த டிஸ்க், பிழையே வராத டிஸ்க்கோடு ஒப்பிட்டால், அடுத்த 60 நாளில் சாகிற வாய்ப்பு 39 மடங்கு அதிகம். அதனால ஒரு பிழைதானே என்று விடாதீங்க. அதே ஆய்வு இன்னொன்றும் சொல்லுது. செத்த டிஸ்க்குகளில் பாதிக்கும் மேல், வலுவான நான்கு ஸ்மார்ட் அறிகுறிகளில் ஒன்றைக்கூடக் காட்டாமல்தான் செத்தது. ஆகவே அறிகுறி வந்தால் நம்புங்க, வரவில்லை என்பதால் நிம்மதியாக இருக்காதீங்க.

வாங்கும்போது இன்னொரு விஷயம். டெஸ்க்டாப் டிஸ்க் ஒரு இடத்தைப் படிக்க முடியாவிட்டால் ஒரு நிமிஷம், இரண்டு நிமிஷம்கூட திரும்பத் திரும்ப முயற்சி பண்ணும். லினக்ஸ் வழக்கமாக 30 நொடிதான் பொறுக்கும். அதுக்கு மேல் டிஸ்க்கை ரீசெட் பண்ணப் பார்க்கும். அதில் ஒரு சின்னக் கோளாறுக்காக முழு டிஸ்க்கும் மிரரை விட்டு வெளியே போக நேரலாம். சர்வர், நாஸ் வேலைக்கான டிஸ்க்குகள் ஏழு நொடி மாதிரி சீக்கிரமே கையை விரிச்சிடும். "என்னால முடியல, நீ அந்த நகலைப் பார்த்துக்கோ" என்று. மிரருக்கு அதுதான் வேணும்.

மூன்றாம் அடுக்கு: மாதாமாதம்

இப்போ அந்தச் சிவப்புச் சாயத்துக்கு வருவோம். டிஸ்க்கிலும் மேலே பளபளப்பு, உள்ளே நுண்துளை என்று ஒன்று உண்டு. யாரும் படிக்காத ஒரு மூலை கெட்டுப்போயிருக்கும். மூன்று வருஷத்துக்கு முந்தைய பில்லை யார் திறக்கப்போறாங்க? படிக்காத வரைக்கும் டிஸ்க்குக்கே தெரியாது. இன்னொரு டிஸ்க் செத்து, இதிலிருந்து முழுசாப் படிக்க வேண்டிய அன்றைக்குத்தான் தெரியும்.

லட்சுமி பைரவசுந்தரம் உள்ளிட்ட ஆய்வாளர்கள் 15 லட்சத்து 30 ஆயிரம் டிஸ்க்குகளை 32 மாதம் பார்த்து, 2007-இல் முடிவுகளை வெளியிட்டாங்க. அதில் 3.45 சதவீத டிஸ்க்குகளில் இப்படி மறைந்திருக்கும் பிழை வந்திருந்தது. நூறில் மூன்றுக்கு மேல்.

இதுக்கு மருந்து, அவ்வப்போது முழு டிஸ்க்கையும் படித்துப் பார்ப்பது. ஸ்க்ரப் என்று பேர். டெபியனில் எம்டிஆடம் பொதி இதை மாதத்தின் முதல் ஞாயிறு, நள்ளிரவு தாண்டியதும் தானாகவே செய்யும்படி வருது. சி-டாக் சென்னையில் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் டெபியன் அடிப்படையில் வந்ததுதான். உங்க சர்வரில் இது ஓடுதா, கடைசியாக எப்போ ஓடுச்சு, முடிவு என்ன என்று ஒரு தடவை போய்ப் பாருங்க. யூனிட் சனி ராத்திரி சர்வரை அணைத்து வைக்கிற பழக்கம் உள்ளது என்றால், அந்த ஸ்க்ரப் ஓடாமலே போயிருக்கலாம்.

இரண்டும் வேறு வேறு சொன்னால்?

இதுதான் இந்த எபிசோடில் முக்கியமான இடம். ஸ்க்ரப் ஓடி முடிந்து, "இந்த இடத்தில் இரண்டு டிஸ்க்கும் ஒத்துப்போகவில்லை" என்று சொல்லுது. ஒன்றில் பில் தொகை 48,000, இன்னொன்றில் 43,000. இரண்டு டிஸ்க்கும் பிழை எதுவும் சொல்லாமல்தான் படித்துக் கொடுத்தது. எது சரி?

லினக்ஸின் சாதாரண மிரருக்குத் தெரியாது. அதனிடம் சரிசெய் என்று சொன்னால், முதல் டிஸ்க்கில் இருப்பதை எடுத்து இரண்டாவதில் எழுதிவிடும். முதலில் இருப்பது தப்பாக இருந்தால்? நல்ல நகலும் போச்சு. அப்புறம் இரண்டும் அழகாக ஒத்துப்போகும். ஸ்வாப் பகுதி மிரரில் இருந்தால் ஆபத்தில்லாத வேறுபாடும் சில சமயம் தெரியும் என்பதால், எண்ணை மட்டும் பார்த்து முடிவு பண்ணவும் முடியாது.

விருத்தாசலத்துக்கே சொந்தமான ஒரு கதை இங்கே பொருந்தும். அந்த ஊரின் பழைய பெயர் திருமுதுகுன்றம். சுந்தரர் அங்கே இறைவனிடம் 12,000 பொன் பெற்றார் என்று பெரியபுராணம் சொல்லுது. அதைச் சுமந்து போகாமல் மணிமுத்தாற்றில் போட்டுவிட்டு, திருவாரூர்க் குளத்தில் எடுத்துக்கொள்ளும்படி அருள் கிடைத்தது. ஆற்றில் போட்டுக் குளத்தில் தேடுற பழமொழியோடு சேர்த்து இதைச் சொல்வாங்க. ஆனா நாம கவனிக்க வேண்டியது ஒரு சின்ன விவரம். ஆற்றில் போடும் முன்னால் அவர் அந்தப் பொன்னில் ஒரு சிறு துணுக்கை வெட்டி மச்சமாக, அதாவது மாதிரியாக, கையில் வைத்துக்கொண்டார். திருவாரூரில் பொன் கிடைத்ததும் அந்த மச்சத்தோடு உரைத்துப் பார்த்தால், மாற்று குறைவு! மறுபடி பாடிய பிறகுதான் சரியான மாற்றுக்கு வந்தது.

கையில் அந்தத் துணுக்கு இல்லாவிட்டால் மாற்று குறைந்தது தெரிந்தே இருக்காது. நம்ம மிரருக்கு இல்லாதது அந்த மச்சம்தான். கணினியில் அதுக்குப் பேர் செக்சம். ஒவ்வொரு துண்டுத் தகவலுக்கும் ஒரு சிறு கணக்கெண் போட்டு, அதைத் தனியாக எழுதி வைப்பது. இசட்எஃப்எஸ், பிடிஆர்எஃப்எஸ் ஆகிய ஃபைல் சிஸ்டங்கள் இதைச் செய்யும். படிக்கும்போது எண் ஒத்துப்போகவில்லை என்றால், மிரரின் மற்ற நகலை எடுத்து அதன் எண்ணைப் பார்க்கும். அது சரியாக இருந்தால் அதைக் கொடுத்துவிட்டு, கெட்ட நகலையும் திருத்தும். விண்டோஸ் சர்வர் 2012-இல் வந்த ரீஎஃப்எஸ்ஸிலும் இந்த வசதி உண்டு. ஆனா ஃபைல் தகவலுக்கு அது தானாக ஆன் ஆகியிருக்காது, நாமதான் ஆன் பண்ணணும்.

இப்படி நிஜமாகவே நடக்குமா? அதே குழுவைச் சேர்ந்தவர்கள் உட்பட சில ஆய்வாளர்கள் 2008-இல் இன்னொரு ஆய்வு வெளியிட்டாங்க. 41 மாதத்தில் செக்சம் ஒத்துப்போகாத சம்பவங்கள் நாலு லட்சத்துக்கும் மேல். விலை குறைந்த வகை டிஸ்க்குகளில் இது, உயர்தர வகையைவிடக் கிட்டத்தட்ட பத்து மடங்கு அதிகம். நம்ம யூனிட் மாதிரி இடங்களில் வாங்குவது எந்த வகை என்று சொல்லத் தேவையில்லை.

வீட்டிலேயே பண்ணிப் பார்க்கலாம்

இதுக்கு சர்வர் வேண்டாம். லேப்டாப்பில் ஒரு விர்ச்சுவல் மெஷின் போதும். உண்மைத் தகவல் உள்ள கணினியில் மட்டும் தயவுசெய்து வேண்டாம்.

ஒரு ஜிபி அளவில் இரண்டு மெய்நிகர் டிஸ்க் உருவாக்கி லினக்ஸ் மிரர் போடுங்க. உள்ளே நூறு போட்டோ போட்டு, ஒவ்வொன்றுக்கும் ஷா-256 எண்ணை எடுத்துப் பட்டியலை வெளியே வேறு இடத்தில் வைங்க. அதுதான் உங்க மச்சம். மிரரை நிறுத்திவிட்டு, முதல் டிஸ்க்கின் நடுப்பகுதியில் குப்பைத் தகவலை எழுதுங்க. மறுபடி மிரரை ஓட்டி ஸ்க்ரப் பண்ணுங்க. வேறுபாடு இருக்கு என்று சொல்லும், யார் பக்கம் நியாயம் என்று சொல்லாது. சரிசெய்யச் சொல்லிவிட்டு, பட்டியலோடு ஒப்பிட்டுப் பாருங்க. சில போட்டோக்கள் நிரந்தரமாகப் போயிருக்கும்.

அதே சோதனையை இசட்எஃப்எஸ் மிரரில் செய்யுங்க. ஸ்க்ரப் முடிந்ததும் எத்தனை இடத்தைத் திருத்தியது என்று எண்ணோடு சொல்லும். நூறு போட்டோவும் பட்டியலோடு ஒத்துப்போகும். இந்த ஒரு மணி நேர வேலை, நான் இங்கே பேசியதைவிட நல்லாப் புரிய வைக்கும்.

மிரர் காப்பாற்றாத இடம்

கடைசியாக ஒன்று. யாரோ தவறுதலாக ஒரு ஃபோல்டரை அழித்தால், மிரர் அதை இரண்டு டிஸ்க்கிலும் உடனே, விசுவாசமாக அழிக்கும். ரேன்சம்வேர் பூட்டினால் இரண்டையும் பூட்டும். 2011 டிசம்பர் 30-ஆம் தேதி தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரையைக் கடந்தது. அந்த மாதிரி ஒரு நாளில் ஆபீஸ் ரூமுக்குள் தண்ணீர் வந்தால், ஒரே பெட்டியில் இருக்கிற இரண்டு டிஸ்க்கும் ஒன்றாகத்தான் நனையும். அதனால வேறு ஊரில் ஒரு நகல் வேணும். சுந்தரர் கதையில் பொன் வேறு ஊரில்தானே கிடைச்சது! அந்த நகலையும் மூன்று மாதத்துக்கு ஒரு தடவை இறக்கி, செக்சம் பட்டியலோடு ஒப்பிட்டுப் பாருங்க.

நீங்க வேலை செய்ற இடத்திலோ, உங்க அப்பா கடையிலோ ஒரு மிரர் சர்வர் இருந்தால், இந்த வாரம் இரண்டே கேள்வி கேளுங்க. கடைசி ஸ்க்ரப் எப்போ ஓடுச்சு? டிஸ்க் செத்தால் யாருக்கு மெயில் வரும்? பதில் கிடைத்தால் எங்களுக்கும் எழுதி அனுப்புங்க. அடுத்த எபிசோடில் சந்திப்போம்.